மரவள்ளியிலிருந்து எரிபொருள் எதனோல்: வன்னிக்கு ஏற்ற முறை

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய, இலங்கையின் வடபகுதியான வன்னிக்கு மாற்று எரிபொருள் புதிதன்று. எனினும் அடுப்பு மூட்டுமுன் மதுவரித் திணைக்களத்தின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். அனுமதியின்றி வடிப்பது, எந்த இயந்திரத்துக்கென்று சொன்னாலும், கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம், காய்ச்சியதாகவே கொள்ளப்படும்.

மரவள்ளியை நான் தெரிவதற்குக் காரணம், அது மேட்டுக்காணியில் அதிக நீர் கேளாமல் விளைவதும் பச்சைக் கிழங்கின் எடையில் ஏறத்தாழக் கால்பங்கு மாப்பொருளாக இருப்பதுமாகும். ஒரு லீற்றர் எதனோலுக்கு, அதாவது எரிசாராயத்துக்கு, ஆறேழு கிலோ கிழங்கு வேண்டும். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் நீலம் பாய்ந்துவிடும் என்பதால், உடனே தோலுரித்துக் கழுவித் துருவ வேண்டும்.

துருவலுடன் சம எடை நீரும், மாப்பொருளை உடைத்து இளக்கும் அல்பா அமைலேசு நொதியமும் சேர்த்து, 85 முதல் 90 பாகை செல்சியஸில், அகப்பையிலிருந்து கட்டியாக விழுந்த கஞ்சி பால்போல் ஒழுகும்வரை கிளறுங்கள். பின்னர் 60 பாகைக்கு ஆறவிட்டு, பிஎச் 4.5 அளவுக்குப் புளிப்பாக்கி, அதைச் சீனியாக்கும் குளுக்கோ அமைலேசு நொதியத்தை இடுங்கள். சில மணி நேரத்தின் பின் சிறிது கலவையை எடுத்து ஆறவைத்து, ஒரு துளி அயடீன் விட்டுப் பாருங்கள். நீலம் தோன்றினால் மாப்பொருள் இன்னும் முழுமையாகச் சீனியாகவில்லை.

அடுத்த கட்டத்தில்தான் நமது வெயில் குறுக்கே நிற்கிறது. மதுவம், அதாவது ஈஸ்ட், 30 பாகையை அண்டி நன்றாக வேலை செய்யும். 35ஐத் தாண்டினால் தளரத் தொடங்கும். நொதிக்கும் கலவை தானாகவும் வெப்பத்தை வெளிவிடும் என்பதால், சித்திரை வைகாசியில் தகரக் கொட்டகைக்குள் பீப்பாயை வைப்பதைக் காட்டிலும் முயற்சியைக் கைவிடுவதே மேல். காற்றோட்டமான கிடுகுக் கொட்டிலில், பீப்பாயைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்டி, பொழுது சாய்ந்தபின் ஈஸ்ட் இடுங்கள். மூடியிலிருந்து வரும் குழாயின் நுனி நீருள்ள போத்தலுக்குள் அமிழ்ந்திருக்கட்டும். இரண்டு மூன்று நாளில் குமிழிகள் ஓய்ந்துவிடும். வினாகிரி மணம் வந்தால் காற்றுப் புகுந்துவிட்டது என்று பொருள்.

இக்கலவையில் எதனோல் எட்டு வீதமளவே இருக்கும். அதன் கொதிநிலை 78 பாகையாதலால், கொதிநிலை வேறுபாட்டால் பிரிக்கும் பின்னக் காய்ச்சி வடிப்பில் நீரைப் பெரும்பாலும் பிரிக்கலாம். ஆயினும் நிறையில் 95.6 வீதத்துக்கு மேல் சாதாரண வடிப்பு செல்லாது. அடுப்புக்கு அது தாராளமாகப் போதும். பெற்றோலுடன் கலப்பதாயின், எஞ்சிய நீர் எதனோலையும் இழுத்துக்கொண்டு அடியில் தனியே பிரியக்கூடும் என்பதால், நீரை உறிஞ்சும் சியோலைட்டு மணிகளினூடாகச் செலுத்தி உலர்த்தியே தீர வேண்டும்.

எதனோல் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே சேகரிக்கும் கலனை அடுப்பிலிருந்து மிகத் தள்ளி வையுங்கள். வடித்தபின் மிஞ்சும் கழிவுநீரைக் குளத்தில் விட்டால் நீரின் ஒட்சிசன் குறைந்து மீன்கள் இறக்கும். அதை ஆறவிட்டு எருக்குழியில் ஊற்றுங்கள்.