ஒரு நாடு கடன் தவணை தவறுமா? கணக்குப் பார்க்கும் முறை

மொத்தக் கடனைப் பார்த்து மிரள வேண்டாம். ஜப்பானின் கடன் அதன் ஆண்டு உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனாலும் தவணை தவறவில்லை. கடன் யென்னில் இருக்கிறது, பெரும்பகுதி உள்நாட்டிலேயே வாங்கியது. (சொந்த நாணயக் கடன் முழுக் காப்பு என்றும் எண்ணிவிடக் கூடாது, ரஷ்யா 1998 ஆகஸ்டில் ரூபிள் கடனைக் கட்டுவதையே நிறுத்தியது.) கடன் எந்த நாணயத்தில், அடுத்த 12 மாதத்தில் எவ்வளவு கட்ட வேண்டும், என்ன வட்டி: இவைதான் முக்கியம்.

முதலில் அந்நியச் செலாவணிக் கையிருப்பை, ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய வெளிநாட்டுக் கடனால் வகுங்கள். 1-க்குக் கீழே வந்தால் ஆபத்து. பலரும் தவறுவது இங்கேதான்: அறிவிக்கப்படும் கையிருப்பு முழுவதும் செலவழிக்கக் கூடியதல்ல. 2022 மார்ச் இறுதியில் இலங்கையின் கையிருப்பு சுமார் 190 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 150 கோடி, சீன மத்திய வங்கியுடனான நாணயப் பரிமாற்றப் பணம். நிபந்தனைகளால் அதைத் தொட முடியவில்லை. மீதி இருந்ததை வைத்துப் பார்த்தால் முடிவு அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்து வட்டி. உற்பத்தி 100, கடன் 100 என்று வையுங்கள். வட்டி 8%, உற்பத்தி வளர்ச்சி 3% (விலையேற்றத்தையும் சேர்த்து). ஆண்டு முடிவில் கடன் 108, உற்பத்தி 103. கடன் விகிதம் ஏறாமல் இருக்க, வட்டி நீங்கலான செலவைவிட வருவாய் 5 அதிகமாக வேண்டும். ஆண்டுதோறும் அப்படி மிச்சம் பிடிக்க அநேக அரசுகளால் முடியாது. நாணயம் சரிந்தால் இன்னும் மோசம்: உற்பத்தியில் 40% டாலர் கடன் இருக்கையில் நாணய மதிப்பு பாதியானால், புதிதாக ஒரு டாலர்கூட வாங்காமலே அது 80% ஆகிவிடும்.

தவணை தவறிய பின் பெரும்பாலான டாலர் பத்திரங்களில் (அரசு கடன் வாங்க வெளியிடுபவை) 30 நாள் அவகாசம் உண்டு. இலங்கை 2022 ஏப்ரல் 18-இல் கட்ட வேண்டிய 7.8 கோடி டாலர் வட்டியைக் கட்டவில்லை. மே 18-இல் அவகாசம் முடிந்தது. பன்னாட்டு நாணய நிதியத்தின் கடனுதவிக்கான ஒப்புதல் 2023 மார்ச்சில்தான் வந்தது. பழைய பத்திரங்களுக்குப் புதியவை மாற்றித் தரப்பட்டது 2024 டிசம்பரில். இடைப்பட்ட காலத்தில் வெளிநாட்டு வங்கிகள் இறக்குமதிக்கான எல்.சி.யை (பணம் தருவதாக இறக்குமதியாளரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) ஏற்கத் தயங்கும்; எரிபொருளுக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு வருவது அதனால்தான்.

பத்திர ஒப்பந்தத்தில் கூட்டு முடிவு விதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பத்திர மதிப்பில் பொதுவாக 75% வைத்திருப்பவர்கள் கடன் மாற்றத்துக்கு ஒப்புக்கொண்டாலே மற்றவர்களையும் அது கட்டுப்படுத்தும். 2001-இல் தவறிய அர்ஜென்டினாவின் பத்திரங்கள் பலவற்றில் அது இல்லை. சம்மதிக்காதவர்கள் வழக்குப் போட்டார்கள். 2012-இல் அந்நாட்டுக் கடற்படையின் லிபர்டாட் கப்பல் கானா துறைமுகத்தில் தடுத்து வைக்கப்பட்டது. பெரும்பாலானோருடன் தீர்வு வந்தது 2016-இல்தான்.

கடைசியாக, உள்நாட்டு வங்கிகளிடம் அரசுப் பத்திரம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் பாருங்கள். கிரீஸ் 2012-இல் தன் பத்திரங்களின் முகமதிப்பில் 53.5% குறைத்தபோது அதன் சொந்த வங்கிகளின் மூலதனமே கரைந்தது. அவற்றைத் தூக்கி நிறுத்த அரசு மறுபடியும் கடன்தான் வாங்கியது.