கல்ப் என்றால் இதயமா, நாயா?

பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவு முகப்பில் வேலை. அரபு நோயாளிகள் வருவதால் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தேன்: ராஸ் தலை, பத்ன் வயிறு, கல்ப் இதயம். ஒரு முதியவரிடம் ‘கல்ப்’ வலிக்கிறதா என்றதும் அவர் மகன் சிரித்துவிட்டார். நான் கேட்டது நாயைப் பற்றியாம்!

செயலி, காணொளி என ஒரு வாரம் வீண். என் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அப்புறம் ஜாவி, அதாவது மலாயை அரபு எழுத்தில் எழுதும் முறை, தெரிந்த மலாய்த் தோழி எழுதிக் காட்டினார். இதயத்துக்கு இரண்டு புள்ளி வைத்த எழுத்து, நாய்க்கு வேறு எழுத்து. தமிழில் இரண்டுமே ‘க’. இப்போது உள்நாக்கருகே பிறக்கும் க-வுக்கு மேலே நானும் இரண்டு புள்ளி வைக்கிறேன். கெய்ரோக்காரர்கள் அந்த ஒலியையே விழுங்கி ‘அல்ப்’ என்பார்கள். அதையும் பக்கத்தில் குறித்துவிட்டேன்.