டெவில் மே க்ரை 5: முதல் சுற்றில் எல்லாரும் செய்யும் தவறுகள்

காப்காமின் டெவில் மே க்ரை 5 வீடியோ கேம் வெளிவந்தது 2019 மார்ச்சில். இன்றும் தள்ளுபடி விற்பனை வரும்போதெல்லாம் தெரிந்தவர்களில் யாராவது புதிதாக வாங்குகிறார்கள். சில நாள் கழித்து அதே கேள்விகளோடு வருகிறார்கள். கடைசியாக வந்தவன் என் சித்தி மகன். பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஆடுவதைப் பார்த்தேன். நான்காம் பாகம் வந்த காலத்தில் எங்கள் செட்டில் எல்லாருக்கும் இருந்த கெட்ட பழக்கங்கள் அவன் கையில் அப்படியே இருந்தன.

இந்த விளையாட்டின் சண்டைமுறையை முதல் பார்வையில் எடை போட முடியாது. வாளுக்கு ஒரு பட்டன், துப்பாக்கிக்கு ஒரு பட்டன், குதிக்க ஒரு பட்டன். இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு டெவில் ஹன்டர் என்ற சவால் நிலையில் கதையை முடித்துவிடலாம். சரியாக ஆடவில்லை என்று விளையாட்டு உங்களைத் தடுத்து நிறுத்தாது. திரையின் ஓரத்தில் உங்கள் ஆட்டத்தின் தரமாக டி, சி என்று ஓர் எழுத்தைக் காட்டும், அவ்வளவுதான். கதை முடிந்ததும் "சும்மா பட்டன் தட்டுற கேம்தான்" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். பதினொரு வருடம் கழித்து வந்த தொடர்ச்சி இது. இயக்குநர் ஹிடேஆகி இட்சுனோவின் குழு இதற்குள் வைத்திருப்பதில் பாதியைக்கூடத் தொடாமல் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனசு ஆறுவதில்லை.

உயிர்க்கோடு குறைந்தால் விலகி நில், வாள் பட்டனைக் கண்மூடித் தட்டாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

எக்ஸீடைத் தொடாமலே நீரோவை ஆடுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற தவறுகளெல்லாம் ஆட ஆடத் தானாகச் சரியாகிவிடும். இது ஆகாது.

நாம் ஆடும் நாயகர்களில் ஒருவன் நீரோ. அவனுடைய வாள் ரெட் குவீன். அதன் கைப்பிடி பைக்கின் ஆக்ஸிலரேட்டர்போல முறுக்கக்கூடியது. பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் எல்2-வை அழுத்தினால் நீரோ அதை முறுக்குவான், எஞ்சின் உறுமும், உயிர்க்கோட்டின் அருகே இருக்கும் மூன்று கட்டங்கள் நிரம்ப ஆரம்பிக்கும். இதுதான் எக்ஸீட். கட்டம் நிரம்பியிருக்கும்போது வெட்டினால் அந்த வெட்டு நெருப்போடு விழும். பலம் கூடும், வீச்சு கூடும், சில அடிகளின் உருவமே மாறிவிடும். பாய்ந்து வெட்டும் ஸ்ட்ரீக்கை எக்ஸீட் இல்லாமலும் எக்ஸீடோடும் ஒருமுறை அடுத்தடுத்துச் செய்து பாருங்கள். இரண்டும் வேறு வேறு அடி என்றே தோன்றும்.

புதிதாக ஆடுகிறவர் இதை எப்படிப் புரிந்துகொள்கிறார்? "சண்டை இல்லாத நேரத்தில் நின்று முறுக்கி நிரப்பிக்கொள்ள வேண்டியது" என்று. அப்படி நிரப்பினால் அடுத்த சண்டையின் முதல் மூன்று அடியில் தீர்ந்துவிடும். சண்டைக்கு நடுவே நின்று முறுக்க நேரம் ஏது? ஆகவே "இது நமக்குச் சரிப்படாது" என்று அந்த விரலையே எடுத்துவிடுகிறார். என் தம்பியின் இடது ஆள்காட்டி விரல் எல்2-வின் மேல் சும்மாவே கிடந்தது. கேட்டேன். "அது டைம் வேஸ்ட் அண்ணா, அதுக்குள்ள ரெண்டு வெட்டு வெட்டிடலாம்" என்றான்.

அந்த எல்2-வின் உண்மையான இடம் வெட்டுக்குள்ளேயே இருக்கிறது. வாள் எதிரியைக் கடக்கும் கணத்தில் எல்2-வை ஒருமுறை அழுத்தினால் தனியாக முறுக்க வேண்டிய தேவையே இல்லாமல் ஒரு கட்டம் நிரம்பிவிடும். இதற்குப் பெயர் எக்ஸ்-ஆக்ட். அதைவிடத் துல்லியமாக, மிகச் சிறிய இடைவெளிக்குள் அழுத்தினால் மூன்று கட்டமும் ஒரே அடியில் நிரம்பும். அது மேக்ஸ்-ஆக்ட். முதல் வெட்டில் நிரப்பியதை இரண்டாம் வெட்டு எரிக்கும், இரண்டாம் வெட்டிலேயே அடுத்ததை நிரப்பிவிடலாம். கை பழகியவர் ஆடும்போது பாருங்கள்: நீரோவின் வாளில் நெருப்பு அணையவே அணையாது. நின்று முறுக்கும் காட்சியே இருக்காது.

இதைப் பழகாதவருக்கு என்ன நஷ்டம் என்றால், முதல் சுற்றில் எதுவும் தெரியாது. டெவில் ஹன்டர் நிலையில் சாதா வெட்டே போதும். கதையை முடித்தால் சன் ஆஃப் ஸ்பார்டா நிலை திறக்கும். அங்கே போனதும் எதிரிகளின் பலம் கூடிவிடும். நெருப்பில்லாத வாளால் வெட்டி வெட்டிக் கை ஓய்ந்துபோகும். என் நண்பன் ஒருவன் அந்த இடத்தில்தான் நிறுத்தினான். "எவ்வளவு வெட்டினாலும் சாக மாட்டேங்குறான், நீரோவுக்கு ஆயுதமே பத்தலைடா, டான்டேதான் ஆளு" என்றான். டான்டே இதே விளையாட்டின் இன்னொரு நாயகன். அவன் கடைசிவரை ஆடியது நீரோவின் பாதியை. அந்தப் பாதியை வைத்து முழு நீரோவுக்கும் தீர்ப்பு எழுதிவிட்டான். எத்தனையோ பேரிடம் இதே வார்த்தையைக் கேட்டுவிட்டேன், இன்னமும் எரிச்சல் வருகிறது. ஏனென்றால் தொடக்கத்திலேயே ஒரு விரலைப் பழக்கியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

பழகும் விதத்திலும் ஒரு தவறு நடக்கிறது. நான்கு வெட்டு கொண்ட முழு வரிசையையும் எடுத்துக்கொண்டு, எல்லாவற்றிலும் எக்ஸ்-ஆக்ட் விழ வேண்டும் என்று ஆரம்பிக்கிறார்கள். ஒவ்வொரு வெட்டின் வேகமும் வேறு, அதனால் அழுத்த வேண்டிய நேரமும் வேறு. நாலில் ஒன்றுகூட விழாமல் எல்2-வைச் சரமாரியாகத் தட்ட ஆரம்பிக்கிறார்கள். தற்செயலாக ஒன்று விழுந்தாலும் எது விழுந்தது, ஏன் விழுந்தது என்று கைக்குத் தெரியாது. தெரியாதது கையில் தங்காது.

தி வாய்ட் என்ற பயிற்சி அறைக்குப் போங்கள். முதல் வெட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கோணம், எல்2. நிறுத்துங்கள். மறுபடி முக்கோணம், எல்2. கண்ணைவிடக் காதுதான் இங்கே உதவும். நேரம் தப்பினால் வெறும் உறுமல் மட்டும் கேட்கும். சரியாக விழுந்தால் சத்தத்தோடு பளிச்சென்று தீ தெரியும், ஒரு கட்டம் நிரம்பும். தம்பியை டிவியின் பாட்டுச் சத்தத்தை அணைத்துவிட்டு, சண்டை ஒலியை மட்டும் வைத்து ஆடச் சொன்னேன். முதலில் எப்போதும் முந்திக்கொண்டே இருந்தான். வாள் கிளம்பும்போதே அழுத்துகிறான். "வாள் கிளம்புறதைப் பாக்காத, போய்ச் சேருறதைப் பாரு" என்றதும் தாளம் பிடிபட்டது. தாளம் என்று சும்மா சொல்லவில்லை. வெட்டும் முறுக்கலும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிற இடத்தை விரல் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் மறக்காது. முதல் வெட்டு கைக்கு வந்ததும் இரண்டாவதைச் சேருங்கள். பிறகு ஸ்ட்ரீக், பிறகு எதிரியைத் தூக்கும் ஹை ரோலர், கடைசியில் அந்தரத்து வெட்டுகள்.

திறன்களை வாங்க உதவும் சிவப்பு உருண்டைகள் கையில் சேர்ந்ததும் எக்ஸீட் தொடர்பான திறன்களை முதலில் வாங்குங்கள். பகட்டான அடிகள் பொறுத்திருக்கட்டும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: ப்ளூ ரோஸ் துப்பாக்கியைச் சார்ஜ் செய்யச் சதுரத்தை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், ஆனால் அதே கட்டைவிரல்தான் வாளுக்கும் வேண்டும். சுடுவதைத் தோள்பட்டன் ஒன்றுக்கு மாற்றிக்கொண்டால் பிடித்தபடியே வெட்டலாம். பட்டன்களை மாற்ற விளையாட்டே இடம் தருகிறது. இதை முதல் நாளே செய்துவிடுங்கள். கை பழகிய பிறகு மாற்றுவது பெரும்பாடு.

டெவில் பிரேக்கரைச் சேமித்து வைப்பது

கதையின் தொடக்கத்திலேயே நீரோவின் வலது கை பறிபோகிறது. அந்த இடத்தில் நிக்கோ செய்துகொடுக்கும் இயந்திரக் கைகள்தான் டெவில் பிரேக்கர்கள். இவை உடையும் என்று தெரிந்ததும் புதியவர்கள் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள். "பாஸ் சண்டைக்கு வேணுமே" என்பார்கள். பாஸ் சண்டையில் எதைப் பயன்படுத்தும்போது அடி வாங்குகிறார்களோ அது அங்கேயே உடைகிறது. சேமித்ததும் போச்சு.

உடைவதற்காகவே செய்யப்பட்டவை அவை. நினைத்த நேரத்தில் கையை மாற்றிக்கொள்ள முடியாது. துப்பாக்கிக் குண்டுபோல வரிசையாக ஏற்றப்பட்டிருக்கும், முன்னால் இருப்பது போனால்தான் அடுத்தது வரும். ஆகவே ஒன்றைப் பிடித்துவைத்தால் பின்னால் இருக்கும் அத்தனையையும் அடைத்து வைத்ததாகிவிடும். பட்டனை அழுத்திப் பிடித்துச் சார்ஜ் செய்தால் வரும் பிரேக் ஏஜ் தாக்குதல் கையை உடைத்துவிடும், ஆனால் அடி பயங்கரமாக இருக்கும். எதிரி உங்களை வளைத்துப் பிடித்துவிட்டால் பிரேக்அவே மூலம் கையை வெடிக்கவைத்துத் தப்பிக்கலாம். அடுத்த கை உடனே வந்துவிடும். போகிற வழியிலும் கைகள் கிடந்துகொண்டேதான் இருக்கும்.

எனக்குப் பிடித்தது ஜெர்பெரா. அந்தரத்திலேயே திசை மாற்ற அது தரும் உந்துதலுக்கு ஈடாக ஒன்றும் இல்லை. நேரத்தை மெதுவாக்கும் ராக்டைம் ஓடி ஒளிகிற எதிரிகளுக்கு நல்லது. இதெல்லாம் உடைத்து உடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

டாட்ஜ் பட்டனைத் தேடுவது

வேறு விளையாட்டுகளிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது இது. ஒரே தட்டில் உருண்டு விலகும் பட்டன் நீரோவிடம் இல்லை. குதிப்பதுதான் முதல் தற்காப்பு. குதி கிளம்பும் கணத்தில் அடி உங்கள்மேல் படாது. இந்தத் தொடரில் நெடுங்காலமாக அப்படித்தான். பக்கவாட்டில் விலக, எதிரியைக் குறிவைக்கும் ஆர்1-ஐப் பிடித்துக்கொண்டு இடமோ வலமோ தள்ளிக் குதிக்க வேண்டும். ஆர்1 இல்லாமல் ஓடியே தப்பிக்கப் பார்க்கிறவர்தான் அதிகம் அடி வாங்குகிறார்.

ஆர்1-ஐப் பிடித்தால்தான் முன்னே தள்ளி வெட்டுவதும் பின்னே இழுத்து வெட்டுவதும் வேறு வேறு அடியாக மாறும். ஸ்ட்ரீக்கும் ஹை ரோலரும் அப்படி வருபவைதான். அந்த விரலைப் பெரும்பாலும் எடுக்கவே வேண்டியதில்லை.

வியின் கைத்தடியை மறப்பது

வி இன்னொரு நாயகன். அவனுக்காகச் சண்டை போடும் பிராணிகளான கிரிஃபனும் ஷாடோவும் எதிரியைக் குற்றுயிராக்கும், கொல்லாது. கடைசிக் குத்து வி குத்த வேண்டும்.

எஸ் தரம் வாங்க ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிப்பது

ஏறாது. ஒரே அடியைத் தொடர்ந்தால் அதன் மதிப்பு குறைந்துகொண்டே போகும். அடியை மாற்றுங்கள், நடுவில் சுடுங்கள், எதிரியைச் சீண்டும் பட்டனையும் பயன்படுத்துங்கள், அதற்கும் மதிப்பு உண்டு. தரம் ஏற ஏறப் பாட்டும் சேர்ந்து ஏறும். எஸ் வந்ததும் பல்லவி வெடிக்கிற அந்த இடம் இந்த விளையாட்டின் மிகப் பெரிய சந்தோஷங்களில் ஒன்று.

காம்போ வீடியோவைப் பார்த்து மனப்பாடம் செய்வது

இப்போதைக்கு வேண்டாம்.

டான்டே வந்ததும் ட்ரிக்ஸ்டரிலேயே தங்கிவிடுவது

டான்டேவிடம் நான்கு பாணிகள்: திசைப்பட்டனில் மேலே ட்ரிக்ஸ்டர், வலதில் ஸ்வார்ட்மாஸ்டர், இடதில் கன்ஸ்லிங்கர், கீழே ராயல் கார்ட். 2005-இல் வந்த மூன்றாம் பாகத்தில் சண்டைக்கு முன்பே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போக வேண்டும். 2008-இல் நான்காம் பாகம்தான் சண்டைக்கு நடுவிலேயே மாற்றும் வசதியைக் கொண்டுவந்தது. ஐந்தாம் பாகம் அதன்மேல் ஆயுதங்களைக் குவித்திருக்கிறது.

குவியலைப் பார்த்து மிரண்டு, விலகி ஓட வசதியான ட்ரிக்ஸ்டரிலேயே இருந்துவிடுகிறார்கள். நான்கையும் ஒரே நேரத்தில் பழக வேண்டாம். ட்ரிக்ஸ்டரும் ஸ்வார்ட்மாஸ்டரும் போதும்: எதிரியின் அருகே பாய்ந்து போக மேலே, போய்ச் சேர்ந்ததும் வலது. இந்த ஒரு மாற்றம் யோசிக்காமல் வரும்வரை ஆயுதங்களையும் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எனிமி ஸ்டெப்பை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எதிரியின் மேல் கால் வைத்துக் குதித்தால் அந்தரத்து அடிகளை மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம்.

ராயல் கார்டைக் கடைசியில் எடுங்கள். எதிரியின் அடி விழும் கணத்தில் வட்டத்தை அழுத்தித் தடுப்பதும், தடுத்துச் சேர்த்த பலத்தை ஒரே அடியாகத் திருப்பித் தருவதும் எதிரியின் ஒவ்வொரு அசைவும் அத்துப்படியானவருக்குத்தான் பலன் தரும்.

ஃப்யூரியைத் துரத்துவது

மின்னலாக மறைந்து மறைந்து தோன்றும் அந்தப் பல்லி உருவத்தின் பின்னால் ஓடி யாரும் பிடித்ததில்லை. நில்லுங்கள். ஆர்1 பிடித்து அதன் பக்கம் திரும்பியிருங்கள். அது பாய்ந்து வெட்டும்போது நீங்களும் வெட்டுங்கள். வாளும் நகமும் மோதினால் அதன் தாக்குதல் முறியும். அது தள்ளாடுகிற நேரத்தில் வயர் ஸ்னாட்ச் போட்டுப் பக்கத்தில் இழுத்துக்கொள்ளுங்கள். முறிக்கும் அந்த வெட்டிலேயே எக்ஸ்-ஆக்ட் விழுந்திருந்தால் அடுத்த வெட்டு நெருப்போடு தயாராக இருக்கும்.