சேவைச் சங்கங்கள் இலவச சட்ட உதவி பெறும் வழி

மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூலில் கடைவீட்டு மாடியில் ஏழைப் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்தும் சங்கமானாலும், வழக்கறிஞரை நாடுமுன் தனக்கு வேண்டியது எது என்று தெளிய வேண்டும். அரசு தரும் சட்ட உதவி, வருமானம் குறைந்த தனிநபர்களுக்கானது. உங்களிடம் வரும் குடும்பங்களை அந்த உதவிக்கு அனுப்பலாம். சங்கத்தின் சொந்தத் தேவைகளுக்கு, கட்டணமின்றிச் சேவை தர முன்வரும் வழக்கறிஞர் நிறுவனங்களுக்கே நேரடியாக எழுத வேண்டும்.

அந்தக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. "சட்ட ஆலோசனை வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் பெரும்பாலும் பதில் வராது. "வாடகை ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது, புதுப்பிக்கும் விதியைப் படித்துச் சொல்ல வேண்டும்" என்று எழுதினால், எத்தனை மணி நேர வேலை என்பது வழக்கறிஞருக்கு உடனே புரியும்.

கடிதத்தோடு பதிவுச் சான்றிதழ், சங்க விதிகள், கடைசி ஆண்டுக் கூட்டக் குறிப்பு ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். கூட்டக் குறிப்பின் கடைசிப் பக்கத்தில் தலைவர், செயலாளர் கையொப்பங்கள் உள்ளனவா என்று பாருங்கள்; இந்தச் சிறு கவனக்குறைவால் நல்ல சங்கங்களும் தடுமாறுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி, ஆண்டுக் கூட்டம் நடந்த 60 நாட்களுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவிடம் சமர்ப்பிக்க வேண்டும். அது நிலுவையில் இருந்தால் மறைக்காமல் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

வேலை தொடங்குமுன், எவையெல்லாம் இலவசம், முத்திரை வரி போன்ற செலவுகளை யார் ஏற்பது என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.