குப்பியில் இருக்கும் பெயரைத் தேடுங்கள்: ஒரு கன்னாபினாய்டு வேதியியலாளரின் மேற்கோள் கணக்கைப் படிக்கும் முறை

பதவி உயர்வுக்கு மதிப்பீட்டுக் கடிதம் கேட்டு ஆண்டுக்கு இரண்டு மூன்று கோப்புகள் எனக்கு வரும். பெரும்பாலும் கன்னாபினாய்டு ஏற்பிகளுக்காக, அதாவது கஞ்சாவில் உள்ளவை போன்ற வேதிப்பொருள்கள் உடலில் போய் ஒட்டும் புரதங்களுக்காக, மூலக்கூறு ஆக்குகிறவர்களுடையவை. முதல் கோப்பில் நான் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. கட்டுரைகளையும் அவை பெற்ற மேற்கோள்களையும் ஒரே எண்ணில் அடக்கும் எச்-இண்டெக்ஸைப் பார்த்தேன், மருந்தியல் துறைக்காரர்களோடு ஒப்பிட்டேன், ‘மிதமான தாக்கம்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். சில வாரம் கழித்து எங்கள் ஆய்வகத்தின் உறைபெட்டியில் எதையோ தேடும்போது, அவர் ஆக்கிய சேர்மம் ஒரு சின்னக் குப்பியில் கையில் அகப்பட்டது. எங்களுடைய மூன்று கட்டுரைகளில் அதைப் பயன்படுத்தியிருந்தோம். ஒன்றில்கூட அவருடைய கட்டுரையை மேற்கோள் காட்டவில்லை. விற்ற நிறுவனத்தின் பெயரை மட்டும் போட்டிருந்தோம்.

அதிலிருந்து நான் கோப்பைத் திறந்ததும் செய்கிற முதல் வேலை, அவருடைய சேர்மங்களின் குறிப்பெயர்களை ஒரு தாளில் எழுதுவது. இந்தத் துறையில் அது எளிது. ஆக்கியவரோ நிறுவனமோ பெயரிலேயே இருக்கும்: ஜேடபிள்யூஎச் என்றால் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் ஜான் டபிள்யூ. ஹஃப்மன், ஏஎம் என்றால் அலெக்ஸாண்ட்ரோஸ் மக்ரியானிஸ், எச்யூ என்றால் ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகம். அந்தப் பெயர்களைக் கட்டுரைகளின் முழு உரையில் தேடுங்கள். தலைப்பிலும் சுருக்கத்திலும் தேடினால் பாதி தப்பிவிடும், ஏனென்றால் செய்முறைப் பகுதியில் ‘ஏஎம்251, 1 மைக்ரோமோலார்’ என்று அரை வரியில்தான் அது ஒளிந்திருக்கும். எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே கோடு போட்டு ஒரு முறை, இடம் விட்டு ஒரு முறை, சேர்த்து ஒரு முறை தேட வேண்டும். மூளையில் நிறைந்திருக்கும் கன்னாபினாய்டு ஏற்பியான சிபி1-ஐ அடைத்துப் பார்க்க எத்தனையோ நரம்பியல் ஆய்வகங்கள் நம்பியிருப்பது இந்த ஏஎம்251-ஐத்தான். அந்த அரை வரி எந்த மேற்கோள் கணக்கிலும் ஏறுவதில்லை.

அடுத்து, எதற்காக மேற்கோள் காட்டினார்கள் என்று பாருங்கள். இங்கே அவசரம் கூடாது. ஹஃப்மன் குழு 1990-களில் ஆக்கிய ஜேடபிள்யூஎச்-018 சிபி1 ஏற்பியில் சுமார் 9 நானோமோலார் அளவிலேயே பிணைகிறது. கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சி-க்குச் சுமார் 40 வேண்டும்; எண் குறையக் குறையப் பிடிப்பு வலுவானது. மூலக்கூற்றின் எந்தப் பகுதி ஏற்பியைப் பிடிக்கிறது என்று அறிவதற்காக ஆக்கியது அது. 2008 இறுதியில் ஜெர்மனியில் ‘ஸ்பைஸ்’ என்று விற்ற புகைக்கலவையில் அதைக் கண்டுபிடித்தார்கள். அதன்பின் தடயவியல், நச்சியல் கட்டுரைகள் வந்து குவிந்தன. அதை யாரும் உட்கொள்ளக் கூடாது என்று ஹஃப்மனே வெளிப்படையாக எச்சரித்தார். ஆகவே அந்த மேற்கோள் வரைபடத்தில் 2008-இல் நான் ஒரு கோடு கிழித்து, இரு பக்கத்தையும் தனித்தனியாகப் படிப்பேன். அதே குழுவின் ஜேடபிள்யூஎச்-133-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு கன்னாபினாய்டு ஏற்பியான சிபி2-வில் 3.4 நானோமோலார், சிபி1-இல் 677. ஏறக்குறைய 200 மடங்கு தேர்வுத்திறன். சிபி2 உடலில் என்ன செய்கிறது என்று கேட்க விரும்பியவர்களுக்கு அது ஒரு சாவி. தெருவுக்குப் போகாத அந்தச் சேர்மத்தின் மேற்கோள்களே எனக்கு அதிகம் பேசுகின்றன.

பிறருடைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூ கட்டுரைகளைத் தனியே பிரித்து வையுங்கள். அவை மேற்கோளை அள்ளும். ஆக்கிய மூலக்கூறைப் பற்றி எதுவும் சொல்லாது.

காலம் பற்றி ஒரு வார்த்தை. கவோனியும் மெக்கூலமும் டிஎச்சி-யின் அமைப்பை வெளியிட்டது 1964-இல். அது போய் ஒட்டும் ஏற்பியை ஆலின் ஹௌலட்டின் ஆய்வகம் இனங்கண்டது 1988-இல். 24 ஆண்டு! கடந்த ஐந்தாண்டு மேற்கோள்களை மட்டும் எண்ணும் சன்னல் வழியாக இப்படிப்பட்ட உழைப்பை எப்படிப் பார்ப்பது? 1992-இல் பன்றி மூளையிலிருந்து, உடலே ஆக்கும் கன்னாபினாய்டான ஆனந்தமைடைப் பிரித்த கட்டுரையில் பத்துப் பேர். முதலில் டிவேன், கடைசியில் மெக்கூலம். நடுவில் இருப்பவர்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். யார் பிரித்தெடுத்தார், யார் ஏற்பியில் சோதித்தார் என்று கட்டுரைக்குள் தேடிப் படியுங்கள்.

தோல்வியடைந்த மருந்தையும் கழித்துவிடாதீர்கள். சிபி1-ஐத் தடுக்கும் ரிமோனபன்ட் 2006-இல் ஐரோப்பாவில் உடல்பருமனுக்கு அனுமதி பெற்று, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் காரணமாக 2008-இல் நிறுத்தப்பட்டது. மூளைக்குள் நுழையாத சிபி1 தடுப்பிகளைத் தேடும் வேலை அந்தப் பாடத்திலிருந்து வலுப்பெற்றது. 2016-இல் சிபி1-இன் படிக அமைப்பு கிடைத்தபோது, ஏற்பியை அசையாமல் பிடித்து நிறுத்தியவற்றில் ஒன்று மக்ரியானிஸ் குழுவின் ஏஎம்6538. இந்த வகைப் பங்களிப்புக்கு என் கடிதத்தில் ஒரு பத்தி முழுவதும் போகும்; எச்-இண்டெக்ஸுக்கு ஒரு வரி.

அந்த முதல் கோப்புக்குத் திருத்தக் கடிதம் அனுப்பினேன். பதவி உயர்வுக் குழு முடிவெடுத்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது. இப்போது எங்கள் ஆய்வகத்தின் கட்டுரை வரைவு என் மேசைக்கு வந்தால் செய்முறைப் பகுதியைத்தான் முதலில் புரட்டுகிறேன். சேர்மத்தின் பெயருக்குப் பக்கத்தில் அதை முதலில் ஆக்கிய கட்டுரையின் எண் இல்லையென்றால் வரைவு திரும்பிப் போகும்.