குடிகாரர்தானே என்று ஓரமாகப் படுக்கவைக்காதீர்கள்

கேஷுவாலிட்டியில் புதிதாக டியூட்டி பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு ராத்திரி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வயது 65 இருக்கும், வாயில் வாடை, பேச்சு குழறல், பெற்ற மகனையே அடையாளம் தெரியவில்லை. 'தூங்கி எழுந்தால் தெளிஞ்சிடும்' என்று விட்டுவிட்டோம். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் ஒரு கண்ணின் பாப்பா மட்டும் அகல விரிந்து கிடக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்று அவர் மனைவி அப்புறம்தான் சொன்னார், நாங்கள் கேட்டிருந்தால் ராத்திரியே சொல்லியிருப்பார். வயதாலும் குடியாலும் மூளை சுருங்கச் சுருங்க அதன் மேலே ஓடும் ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும், லேசாக இடித்தாலே அறுந்து, மண்டைக்குள் ரத்தம் நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அதனால் தலையில் காயம் இல்லையே என்று சி.டி. ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது, சோர்ந்து கிடக்கிறாரே என்று வெறும் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றுவது. முதலில் விரலில் குத்தி சர்க்கரையைப் பாருங்கள். குறைந்திருந்தால் குளுக்கோஸ் உடனே போகட்டும், ஆனால் கூடவே தயமினும், அதாவது வைட்டமின் பி1, நரம்பு வழியாகப் போகவேண்டும். மாத்திரை போதாது, குடியால் கெட்ட குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. தயமின் குறைந்தால் மூளை பாதிக்கும். அதற்குக் குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவுக் கோளாறு என்று ஜெர்மன் மருத்துவர் வெர்னிக்கி 1881-ல் எழுதிய மூன்றும் ஒன்றாக வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், பெரும்பாலானவர்களிடம் மூன்றும் சேர்ந்து வருவதே இல்லை. தவறவிட்டால் உயிரே போகலாம். பிழைத்தாலும் காலையில் சாப்பிட்டது மறந்துபோய், இல்லாத கதையை நம்பிச் சொல்லிக்கொண்டிருப்பவராக மிச்ச நாளைக் கழிக்க நேரிடலாம்.

'குடித்து மூன்று நாளாச்சு, அதனால் குடி காரணமில்லை' என்பதும் தப்பு. இடுப்பெலும்பு முறிந்து வார்டில் சேர்ந்தவர் மூன்றாம் நாள் சுவரில் எறும்பு ஊர்கிறது என்று டிரிப்ஸைப் பிடுங்கினால், அது பெரும்பாலும் குடியை நிறுத்தியதால் வருவது. எவ்வளவு குடிப்பார் என்று சேர்க்கும்போதே கேளுங்கள், அவரிடம் மட்டுமல்ல, வீட்டாரிடமும்.

கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு தொங்கித் தொங்கி எழுகிறதா, நாலு நாளாக மலம் போகவில்லையா, அப்போது கல்லீரல் கெட்டதால் வந்த குழப்பமோ என்று நினையுங்கள். ரத்தத்தில் சோடியம் பாருங்கள், அது குறைந்தாலும் குழப்பம் வரும். காய்ச்சலே இல்லாமலும் வயதானவர்களுக்கு நிமோனியா இருக்கும். ஒரு காரணம் கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள், இவர்களுக்கு இரண்டு மூன்று சேர்ந்தே வரும். நாலு நாளில் வந்த குழப்பத்துக்கு 'டிமென்ஷியா', அதாவது மெல்ல மெல்ல வரும் மறதிநோய், என்று எழுதிவிடவும் வேண்டாம். வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரைப் பையையும் கொட்டிப் பாருங்கள், யாருக்கோ எழுதிய தூக்க மாத்திரை அதில் கிடக்கும்.