நாற்பது கண்ணி, நாற்பது வரப்பு: வீட்டிலேயே பின்னும் பாத்திரத் துணி

கல்யாணமாகி டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் டிசம்பரில் நான் வாய்பிளந்து பார்த்தது குதுப்மினாரை அல்ல. மத்தியான வெயிலில் புல்தரையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பெண்களை. பக்கத்தில் வேர்க்கடலைத் தோல் குவிந்திருக்கும், ஊர்க்கதை ஓடும், கை மட்டும் நிற்காது. ஆசைப்பட்டு நானும் நேராக ஸ்வெட்டரில் இறங்கினேன். முதுகுப் பாகம் பாதி முடிவதற்குள் ஹோலி வந்துவிட்டது. கீழ்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி அத்தனையையும் பிரித்துப் பந்தாகச் சுற்றிக் கொடுத்து, “பேட்டா, முதலில் ஒரு துணி போடு” என்றார்.

அந்தத் துணியைத்தான் இப்போது சொல்லித் தரப்போகிறேன். ஒரு சாண் அகலச் சதுரம். பாத்திரம் தேய்க்கலாம், அடுப்பு மேடை துடைக்கலாம். மெத்தென்ற நூலாக இருந்தால் பீர்க்கங்காய் நாருக்குப் பதில் குளிக்கவும் எடுத்துக்கொள்ளலாம். கோணல்மாணலாக வந்தாலும் சாம்பார்ப் பாத்திரம் குறை சொல்லாது.

தொடங்கும் முன் ஒரு விஷயம். வேட்டி நெய்த துணி. பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். திருப்பூர் பனியன் பின்னிய துணி. நூல் வளைந்து வளைந்து, ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையமாகக் கோத்துக்கொண்டே போகும். பனியன் இழுத்தால் இழுபடுவதற்குக் காரணம் அதுதான். நாம் இரண்டு ஊசியால் செய்யப்போவதும் அதே வேலை. அந்த வளையத்தை நான் கண்ணி என்கிறேன். டெல்லிக் கடையில் அதற்குப் பெயர் ஃபந்தா, ஊசி சலாய்.

என்ன வாங்குவது

நூல் பருத்திதான். கம்பளி தண்ணீரும் தேய்ப்பும் பட்டுப் பட்டுச் சுருங்கிக் கட்டியாகிவிடும். அக்ரிலிக் தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது, சூடான வாணலியில் பட்டால் இளகும். பருத்தி நனைந்தால் இன்னும் உறுதியாகும், கொதிநீரையும் தாங்கும். கரோல் பாக், லாஜ்பத் நகர் பக்கம் குளிர்காலத்தில் கடை முழுக்கக் கம்பளியும் அக்ரிலிக்கும்தான் தொங்கும். “காட்டன் வேண்டும்” என்று கேட்டு வாங்குங்கள். 8 ப்ளை (ப்ளை என்பது நூலின் தடிமனைச் சொல்லும் எண்), 50 கிராம் இருந்தால் ஒரு துணிக்குப் போதும். 4 ப்ளைதான் கிடைத்தது என்றால் இரண்டு இழையைச் சேர்த்துப் பிடித்துப் பின்னலாம். குரோஷா என்ற கொக்கி ஊசிப் பின்னலுக்கு விற்கும் பளபளப்பான மெல்லிய நூல் வேண்டாம், உயிர் போய்விடும். நிறம் வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பிலும் கருநீலத்திலும் புதிதாகக் கற்பவருக்குக் கண்ணியே தெரியாது.

ஊசி 4 மி.மீ. இங்கேதான் நான் ஏமாந்தேன். நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் நம்பரும் புழங்குகிறது, அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 4 மி.மீ. என்றால் 8-ஆம் நம்பர். பெரிய நம்பர் தடிமனாக இருக்கும் என்று நம்பி 12 வாங்கி வந்தேன். 2.75 மி.மீ., ஈர்க்குச்சி மாதிரி! அலுமினிய ஊசியில் கண்ணி வழுக்கும். முதல் தடவைக்கு மூங்கில் ஊசி நல்லது. இவை தவிர ஒரு கத்தரிக்கோல், பெரிய காதுள்ள ஊசி ஒன்று. கோணி ஊசி இருந்தால் அதுவே போதும்.

கண்ணி ஏற்றுவது

நூலின் நுனியில் ஒரு சாண் விட்டு, இழுத்தால் இறுகும் சுருக்கு முடிச்சு ஒன்று போட்டு இடது ஊசியில் மாட்டுங்கள். அதுதான் முதல் கண்ணி.

வலது ஊசியை அந்தக் கண்ணிக்குள் இடப்பக்கத்திலிருந்து, முன்னாலிருந்து பின்னால் போகும்படி குத்துங்கள். இரண்டு ஊசியும் பெருக்கல் குறிபோல் நிற்கும், வலது ஊசி பின்னால் இருக்கும். பந்திலிருந்து வரும் நூலைப் பின்பக்கமிருந்து வலது ஊசி முனையின்மேல், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஒரு சுற்று சுற்றி இரண்டு ஊசிக்கும் நடுவே இறக்குங்கள். சுற்றிய நூலை வலது ஊசி முனையால் கண்ணி வழியாக முன்னால் இழுங்கள். புது வளையம் வந்துவிட்டதா? அதை இடது ஊசியிலேயே மாட்டுங்கள். இரண்டு கண்ணி ஆயிற்று.

குத்து, சுற்று, இழு, மாட்டு. 40 கண்ணி வரும்வரை இதேதான். இறுக்கி இழுக்காதீர்கள். பருத்தி கம்பளிபோல் விட்டுக்கொடுக்காது, இறுக்கினால் அடுத்த வரிசையில் ஊசி நுழையாமல் மணிக்கட்டு வலிக்கும். கண்ணி ஊசியில் தாராளமாக நகர வேண்டும்.

பின்னுவது

நல்ல செய்தி: பாதி ஏற்கெனவே கற்றுவிட்டீர்கள். குத்து, சுற்று, இழு வரை மாற்றமில்லை. ஆனால் புது வளையத்தை இந்தமுறை இடது ஊசியில் மாட்டாமல் வலது ஊசியிலேயே வைத்துக்கொண்டு, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து தள்ளிவிடுங்கள். குத்து, சுற்று, இழு, தள்ளு. இதற்கு இங்கே சீதா என்று பெயர். இதன் மறுபக்கமான உல்டா நமக்கு இப்போது தேவையில்லை. எல்லா வரிசையும் சீதாவாகப் போட்டால் துணி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஓரம் சுருளாமல் கிடக்கும். ஒரு வரிசை சீதா, ஒரு வரிசை உல்டா என்று போட்டால் ஸ்வெட்டர் மாதிரி வழவழப்பாக வரும், ஆனால் ஓரம் அப்பளம்போல் சுருண்டுகொள்ளும்.

வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கைமாற்றி அடுத்ததைத் தொடங்குங்கள். இரண்டு வரிசைக்கு ஒரு மேடு எழும்; பார்க்க வயல் வரப்பு மாதிரி இருக்கும். இந்தப் பின்னலில் ஒரு கண்ணியின் அகலமும் ஒரு வரப்பின் உயரமும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே 40 கண்ணிக்கு 40 வரப்பு போட்டால் சதுரம். ஸ்கேல் தேவையில்லை. சந்தேகமிருந்தால் மூலைக்கு மூலை மடித்துப் பாருங்கள்.

இனி முக்கியமான இடம். என் முதல் துணி 40 கண்ணியில் தொடங்கி 53-இல் முடிந்தது. கை விசிறி மாதிரி. காரணம் வரிசையின் தொடக்கம். ஊசியைக் கைமாற்றியதும் நூலை ஊசிக்கு மேலாகப் பின்னால் இழுத்தால், முதல் கண்ணி தூக்கிக்கொண்டு அதன் இரண்டு கால்களும் இரண்டு கண்ணிபோலத் தெரியும். தெரியாமல் இரண்டிலும் தனித்தனியாகப் பின்னிவிடுவோம். நூல் முதலில் ஊசிக்குக் கீழே தொங்க வேண்டும். அங்கிருந்து அடிவழியாகப் பின்னால் போக வேண்டும். ஆன்ட்டி வரிசைக்கு வரிசை “ஃபந்தே கினோ” என்பார், கண்ணியை எண்ணு என்று. எரிச்சலாக இருக்கும். எண்ணுங்கள்.

கண்ணி குறைந்தால் எங்கோ ஒன்று நழுவிக் கீழே இறங்கியிருக்கிறது. பதறி இழுக்காமல் அந்த வளையத்தில் ஒரு சேஃப்டி பின்னை மாட்டி நிறுத்துங்கள், அப்புறம் அதுவரை பிரித்துப் போடலாம். வரிசையின் நடுவில் எழுந்து போகாதீர்கள். குக்கர் மூன்றாவது விசில் அடித்தாலும் வரிசையை முடித்துவிட்டே வையுங்கள். திரும்பி வந்தால் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்றே தெரியாது.

முடிப்பது

இரண்டு கண்ணி பின்னுங்கள். வலது ஊசியில் முதலில் பின்னியதை இடது ஊசி முனையால் தூக்கி, இரண்டாவதின் தலைக்கு மேலாகத் தாண்டி விடுங்கள். ஒன்று மிஞ்சும். இன்னொன்று பின்னி, மறுபடி தாண்ட விடுங்கள். கடைசி ஒன்று மிஞ்சும்போது, நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, அந்தக் கண்ணிக்குள் நுழைத்து இழுத்துவிடுங்கள். இந்த வரிசை தளர்வாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அந்த ஓரம் மட்டும் சுருங்கிவிடும். இரண்டு நுனியையும் ஊசியில் கோத்து, வரப்புகளின் ஊடே முன்னும் பின்னுமாக ஓட்டி நறுக்குங்கள். முடிச்சு மட்டும் போட்டு விட்டால் துவைக்கத் துவைக்க அவிழும்.

கை பழகியபின் மூலையிலிருந்து தொடங்கும் துணியைப் போட்டுப் பாருங்கள். 4 கண்ணி ஏற்றி ஒரு வரிசை பின்னுங்கள். பிறகு ஒவ்வொரு வரிசையிலும் 2 பின்னி, நூலை ஊசிமேல் ஒரு சுற்றுப் போட்டு, மீதியைப் பின்னுங்கள். வரிசைக்கு ஒரு கண்ணி கூடும். 56 ஆனதும் இறங்குமுகம்: 1 பின்னி, இரண்டைச் சேர்த்து ஒன்றாகப் பின்னி, ஒரு சுற்று, மறுபடி இரண்டைச் சேர்த்து ஒன்று, மீதி சாதாரணம். மறுபடி 4 வந்ததும் முடியுங்கள். நாலு ஓரத்திலும் சின்னச் சின்ன ஓட்டை லேஸ் மாதிரி வரும். எனக்கு இதுதான் பிடிக்கும்.

முதல் துவைப்பைத் தனியாகச் செய்யுங்கள். சாயம் போகலாம், துணியும் கொஞ்சம் சுருங்கும். வாசனைக்காகக் கடைசியில் ஊற்றும் கண்டிஷனர் வேண்டாம், துணி தண்ணீரை உறிஞ்சாமல் போய்விடும். தடிமனான பின்னல் என்பதால் காய நேரமாகும், நன்றாகப் பிழிந்து வெயிலில் விரியுங்கள். மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவந்து பயமுறுத்தும், இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் மங்கிவிடும். ஒன்றே ஒன்று: இதைக் கரித்துணியாக எடுத்துக்கொண்டு அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்காதீர்கள். கண்ணிகளின் இடைவெளியில் சூடு நேராக விரலுக்கு வரும், ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். அதற்குப் பழைய வேட்டித் துணி நாலு மடிப்பாக எங்கள் வீட்டில் தனியாகத் தொங்குகிறது.